ஒன்பது வால் பூனையும் ஒரு குரோமோசோமும்

(மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல் துறை மாணவர் ஒருவரின் கட்டுரை)

முன்னுரை

துப்பறியும் கதைகள் என்றால் எனக்குச் சிறு வயது முதற்கொண்டே பித்து. பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கும் மாத நாவல்களை, பேருந்து புறப்படுவதற்குள் பாதி படித்துவிட்டு, மீதிக்காக வாங்கிச் சென்ற நாட்கள் பல. கொலையாளி யார் என்பதைக் கடைசிப் பக்கத்திற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டால் ஒரு பெருமிதம். கண்டுபிடிக்க இயலாமல் தோற்றுப்போனால் அதைவிடப் பெரிய மகிழ்ச்சி. நேர்மையாகத் தோற்கடிக்கப்படுவதில் உள்ள இன்பத்தைத் துப்பறியும் கதை வாசகர்கள் அறிவார்கள்.

அத்தகைய நான், ஒரு துப்பறியும் படத்தைப் பார்த்து ஏமாந்த கதையையே ஈண்டு எழுதப் புகுகின்றேன். நான் ஏமாந்ததற்கும், நாம் வகுப்பில் படிக்கும் மரபியல் பாடத்திற்கும், என் வீட்டுத் திண்ணைக்கும் தொடர்பு இருப்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். அத்தொடர்பே இக்கட்டுரையின் பொருள்.

படம் பார்த்த சூழல்

எங்கள் மரபியல் தாளில் மனிதக் குரோமோசோம் பிறழ்ச்சிகள் என்றொரு பகுதி உண்டு. தேர்வு நெருங்கும் காலத்தில் மூத்த மாணவர்களிடமிருந்து வழிவழியாக வரும் கையெழுத்துக் குறிப்பேடு ஒன்று எங்கள் கைக்கும் வந்தது. அதில், 'எக்ஸ் ஒய் ஒய் நிலை: கூடுதலாக ஓர் ஒய் குரோமோசோம், உயரமானவர், குற்ற மனப்பான்மை உடையவர்' என ஒரு வரி இருந்தது. இரண்டு மதிப்பெண் வினா. நாங்களும் மனப்பாடம் செய்தோம்.

அவ்வரியை வகுப்பில் ஒரு நண்பர் ஒப்பித்தபோது பேராசிரியர் முகம் சுளித்தார். "இதே கருத்தை வைத்து ஒரு இத்தாலியப் படமே எடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மதியம் ஆய்வுக்கூடத்துக்கு வாருங்கள். பார்த்துவிட்டுப் பேசுவோம்" என்றார். அவ்வாறே பதினான்கு பேர் கூடினோம். தவளையும் கரப்பான் பூச்சியும் அறுபட்ட மேசைகளின் மேல் அமர்ந்து, வெள்ளைச் சுவரில் விழுந்த ஒளியில், 112 நிமிடம் ஓடும் அப்படத்தைப் பார்த்தோம். படத்தின் பெயர் 'ஒன்பது வால் பூனை'. தாரியோ அர்ஜென்டோ இயக்கி, 1971ஆம் ஆண்டு வெளிவந்தது.

மஞ்சள் நிறக் கதைகள்

படத்திற்குள் செல்லுமுன் அதன் குலத்தைப் பற்றிச் சிறிது அறிதல் நலம். இத்தாலியில் மொந்தாதோரி என்னும் பதிப்பகம் 1929ஆம் ஆண்டு முதல் துப்பறியும் நாவல்களை மஞ்சள் அட்டையிட்டு வெளியிட்டு வந்தது. இத்தாலிய மொழியில் மஞ்சளுக்கு 'ஜாலோ' என்று பெயர். நாளடைவில் அட்டையின் நிறமே கதையின் பெயராயிற்று. கொலைமர்மக் கதை எதுவாயினும் ஜாலோதான்.

திரைப்படத்தில் இவ்வகைக்கு வித்திட்டவர் மரியோ பாவா. 1963லும் 1964லும் அவர் எடுத்த படங்களில் இதன் இலக்கணம் உருவாகத் தொடங்கியது. முகம் தெரியாத கொலையாளி, கையுறை அணிந்த கை, அழகிய வண்ணத்தில் அமைந்த அச்சம், காவல்துறையினரைவிடக் கூர்மையான ஒரு சாதாரண மனிதன் ஆகியவை அதன் உறுப்புகள்.

பத்திரிகையில் திரை விமர்சகராகப் பணியாற்றிய அர்ஜென்டோ, 1970ஆம் ஆண்டு 'படிகச் சிறகுப் பறவை' என்ற தம் முதற் படத்தால் இவ்வகையை உலகெங்கும் பரப்பினார். அப்படத்தின் வெற்றிக்குப் பின், அடுத்த ஆண்டே வந்த இரண்டாவது படம்தான் 'ஒன்பது வால் பூனை'. அதே 1971ல் 'சாம்பல் வெல்வெட்டில் நான்கு ஈக்கள்' வெளிவந்தது. பறவை, பூனை, ஈ என்பதால் மூன்றையும் சேர்த்து விலங்கு முப்படங்கள் என்பர். விலங்கியல் மாணவர்கள் கூடிப் பார்க்க இதைவிடப் பொருத்தமான பெயர்கள் கிடைக்குமா என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம். படத்தில் விலங்கியல் உண்டு, பூனைதான் இல்லை.

கதைச் சுருக்கம்

கொலையாளியின் பெயரைச் சொல்லாமல் இப்படத்தின் குறையை விளக்க இயலாது. ஆதலால் படத்தைப் பார்க்க எண்ணுவோர் இப்பகுதியைத் தாண்டிச் செல்க.

பிராங்கோ ஆர்னோ கண் பார்வையற்றவர். முன்னாள் பத்திரிகையாளர். குறுக்கெழுத்துப் புதிர்கள் அமைத்துப் பிழைப்பவர். பெற்றோரில்லாத லோரி என்னும் சிறுமியை வளர்த்து வருகிறார். ஒரு நாள் இரவு இருவரும் நடந்து செல்கையில், நின்றிருந்த காருக்குள் யாரோ ஒருவர் மற்றொருவரை மிரட்டிப் பணம் பறிப்பது பற்றிப் பேசுவது அவர் காதில் விழுகிறது. அன்றிரவே எதிரிலுள்ள தெர்சி மரபியல் ஆய்வகத்தில் ஒருவன் புகுந்து காவலாளியைத் தாக்கிவிட்டுச் செல்கிறான். ஆனால் எந்தப் பொருளும் களவு போனதாகத் தெரியவில்லை.

ஆய்வகத்தைச் சேர்ந்த டாக்டர் கலாப்ரேசிக்கு வந்தவன் யாரென்று தெரியும். அதை வைத்துப் பலனடைய முயல்கிறார். இரயில் நிலையத்தில், வரும் வண்டியின் முன் தள்ளப்பட்டு இறக்கிறார். நடிகை ஒருத்தியின் வருகைக்காகக் காத்திருந்த புகைப்படக்காரரின் கருவியில் அக்கணம் பதிவாகிறது. மறுநாள் நாளிதழில் வந்த படத்தைப் பார்த்த லோரி, காரிலிருந்தவர் இவரே என்கிறாள். ஆர்னோ, செய்தியாளர் கார்லோ ஜோர்தானியைத் தேடிச் செல்கிறார்.

அவர் கேட்கும் முதல் வினா: அச்சிட்ட படம் முழுப் படமா, ஓரம் வெட்டப்பட்டதா?

இக்காட்சியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் கைதட்டலே எழுந்தது. பார்வையுள்ள அத்தனை பேரும் படத்துக்குள் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க, பார்வையற்ற ஒருவரே படத்துக்கு வெளியே இருப்பதைக் கேட்கிறார். வெட்டப்பட்ட ஓரத்தில் தள்ளிய கை இருக்கிறது. அதைப் பெரிதாக்கிப் பார்க்கும் புகைப்படக்காரர் கழுத்து நெரிக்கப்பட்டு இறக்கிறார், படச்சுருளும் மறைகிறது.

பின்னர் ஆர்னோவும் ஜோர்தானியும் சேர்ந்து துப்புத் துலக்குகின்றனர். ஆய்வக அறிஞர்கள் பலர்; தலைவர் தெர்சி; அவர் மகள் அன்னா; கலாப்ரேசியை மணக்கவிருந்த பியாங்கா. எண்ணிப் பார்த்தால் ஒன்பது தடயங்கள். ஒன்பது வாலுள்ள பூனை என்று ஜோர்தானி சொல்வதிலிருந்து படத்தின் பெயர் வருகிறது. ஒன்பது வார்களைக் கொண்ட சவுக்குக்கும் மேலைநாடுகளில் அதே பெயர் உண்டு. பியாங்காவும் கொல்லப்படுகிறாள். அவளது பதக்கத்தில் மறைந்திருக்கும் சீட்டைத் தேடி இருவரும் நள்ளிரவில் கல்லறைக்குச் செல்கின்றனர். இறுதியில் கொலையாளி லோரியைக் கடத்துகிறான். ஆய்வகத்தின் கூரைமேல் அவன் அகப்படுகிறான்.

அவன் டாக்டர் காசோனி. ஆய்வக அறிஞர்களுள் ஒருவர். தம் குரோமோசோமைப் பரிசோதித்தபோது தமக்கே கூடுதல் ஒய் இருப்பது தெரிந்து, அப்பதிவை மறைக்கவே அன்றிரவு ஆய்வகத்துள் புகுந்தார். அதை அறிந்தவர்களைக் கொன்றார். ஆர்னோவுடன் நேர்ந்த மோதலில் கூரையைப் பிளந்து, மின்தூக்கிக் குழிக்குள் விழுந்து மடிகிறார். லோரியின் குரல் கேட்கிறது. படம் முடிகிறது.

படத்தின் நிறைகள்

குறை கூறுமுன் நிறை கூறுதல் முறை.

முதலாவது, ஆர்னோவாக நடித்த கார்ல் மால்டன். பார்வையற்றவராக நடிப்போர் பலர் தடுமாறுவதையே நடிப்பு என்று கருதுவர். இவர் கேட்பதை நடிக்கிறார். யாராவது பேசும்போது தலையை இலேசாகச் சாய்த்து, குரலின் பின்னாலுள்ள குரலைத் தேடுகிறார். அவருக்கும் சிறுமிக்கும் உள்ள பாசமே படத்தின் உயிர். அவருக்கு அவள் கண். அவளுக்கு அவர் வீடு.

இரண்டாவது, என்னியோ மோரிக்கோனேயின் இசை. கொலைப் படத்துக்கு அவர் தாலாட்டைப் போன்ற ஒரு மெட்டைத் தந்திருக்கிறார். அந்த மென்மை அச்சத்தைக் கூட்டுகிறது.

மூன்றாவது, சில காட்சிகள். கொலையாளியின் முகத்துக்குப் பதிலாகத் திரை முழுதும் நிறையும் ஒற்றைக் கண். முடிதிருத்தகத்தில் ஜோர்தானியின் கழுத்தில் சவரக்கத்தி இருக்கும்போது, கொலைச் செய்தியைப் பற்றி அத்தொழிலாளி கோபத்தோடு பேசும் காட்சி. சிரிப்பும் நடுக்கமும் ஒருங்கே வருகின்றன. நஞ்சு கலந்த பால் மேசைமேல் இருக்க, அதைக் குடிப்பார்களா மாட்டார்களா என நம்மைத் தவிக்கவிடும் காட்சி.

இவ்வளவு இருந்தும் படம் முடிந்தபோது ஆய்வுக்கூடத்தில் கைதட்டல் இல்லை. 'இவ்வளவுதானா?' என்றார் பக்கத்திலிருந்த நண்பர். இயக்குநருக்கே இப்படம் நிறைவளிக்கவில்லை. தம் படங்களில் மிகக் குறைவாகப் பிடித்தது இதுவே என்று அவர் பேட்டியில் கூறியதுண்டு. ஏன் இவ்வாறு நேர்ந்தது?

ஏமாற்றத்தின் காரணம்

துப்பறியும் கதைக்கும் வாசகனுக்கும் எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் உண்டு. விடை கதைக்குள்ளேயே, நம் கண்முன்னேயே இருக்க வேண்டும். நாம் பார்க்கத் தவறியிருக்க வேண்டும். அர்ஜென்டோவின் முதற் படம் இவ்வொப்பந்தத்தைக் காத்தது. அதில் கதாநாயகன் கண்ணாடிச் சுவர்களுக்கு இடையே சிக்கிக்கொண்டு ஒரு தாக்குதலைக் காண்கிறான். தான் கண்டதில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்ற உணர்வு அவனை வாட்டுகிறது. முடிவில் அந்த 'ஏதோ ஒன்று'தான் விடை. நாமும் அவனோடு அக்காட்சியைப் பார்த்தோம், நாமும் தவறவிட்டோம். அது நேர்மையான தோல்வி.

'ஒன்பது வால் பூனை'யில் விடை எங்கே இருந்தது? ஒரு பரிசோதனைப் பதிவில். அப்பதிவை நாம் பார்க்கவில்லை. ஆர்னோவும் ஜோர்தானியும் பின்தொடர்ந்த ஒன்பது வால்களில் ஒன்றுகூட அவர்களைக் காசோனியிடம் நேராகக் கொண்டு சேர்க்கவில்லை. அன்னாவின் குடும்ப இரகசியம் ஓர் ஓரத்தில் நின்றுவிடுகிறது. ஆய்வக அறிஞர்களில் யாரை வேண்டுமானாலும் கடைசியில் கொலையாளியாகக் காட்டியிருக்கலாம். படத்தின் முன்பகுதியில் ஒரு காட்சியைக்கூட மாற்ற வேண்டியிராது. மலையைக் கல்லி எலியைப் பிடித்த கதையாயிற்று. பிடித்த எலியும் நமக்கு முன்பின் பழக்கமில்லாதது.

இது கதையமைப்பின் குறை. ஆனால் என்னை இரவெல்லாம் உறுத்தியது வேறொன்று. கொலைக்குக் காரணமாக அந்தக் குரோமோசோமே போதும் என்று படம் நினைப்பதுபோல் இருந்தது. கூடுதல் ஒய் இருந்தது; ஆகவே கொன்றான். மனத்தை ஆராய வேண்டிய இடத்தில் எழுத்தைக் காட்டிக் கதையை முடித்துவிட்டார்கள். எங்கள் குறிப்பேட்டின் இரண்டு மதிப்பெண் விடையும் அதுவேதான்.

அறிவியல் கூறுவது யாது?

திங்கட்கிழமை நூலகத்திற்குச் சென்றேன். பேராசிரியரும் சில கட்டுரைகளைத் தந்தார். அவற்றிலிருந்து நான் அறிந்தவற்றைச் சுருக்கித் தருகின்றேன்.

மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் என்பது 1956ஆம் ஆண்டுதான் உறுதியாயிற்று. ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். சிலருக்கு ஒய் இரண்டாக அமைந்து மொத்தம் 47 ஆகும். இதனை முதன்முதலில் 1961ல் அமெரிக்காவில் கண்டறிந்தனர். தந்தையின் விந்தணு உருவாகும்போது, குன்றல் பகுப்பின் இரண்டாம் நிலையில் ஒய் குரோமோசோமின் இரு பாதிகள் பிரியாமல் ஒரே அணுவுக்குச் சென்றுவிடுவதே இதற்குக் காரணம். ஆகவே பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதன்று, தற்செயலாக நேர்வது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்களில் ஒருவருக்கு இந்நிலை உண்டு.

1965லும் 1966லும் பாட்ரீஷியா ஜேக்கப்ஸ் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் ஸ்காட்லாந்தில், கார்ஸ்டேர்ஸ் என்ற இடத்துப் பாதுகாப்பு மருத்துவமனையில் இருந்த 315 ஆண்களைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் 9 பேருக்கு இரண்டு ஒய் இருந்தது. ஆயிரத்தில் ஒன்று என்ற கணக்கோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். செய்தித்தாள்கள் இதைப் பற்றிக்கொண்டன. 1966ல் சிக்காகோவில் எட்டு செவிலிய மாணவியரைக் கொன்ற ரிச்சர்ட் ஸ்பெக் என்பவனுக்கும் கூடுதல் ஒய் இருப்பதாக 1968ல் செய்தி பரவியது. சோதித்தபோது அவனுக்கு இருந்தவை ஓர் எக்ஸும் ஓர் ஒய்யுமே. செய்தி பரவிய வேகத்தில் மறுப்பு பரவவில்லை.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கார்ஸ்டேர்ஸில் சோதித்தவர்கள் அனைவரும் ஏற்கெனவே மதிலுக்குள் இருந்தவர்கள். மதிலுக்கு வெளியே, கூடுதல் ஒய்யோடு வயலில் உழுதவர், பள்ளியில் பாடம் நடத்தியவர், கடையில் தராசு பிடித்தவர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. அவர்களுக்கே அது தெரியாது. காய்ச்சல் வார்டில் மட்டும் எண்ணிவிட்டு ஊருக்கே காய்ச்சல் என்று சொன்னால் நாம் ஏற்போமா?

வெளியே எண்ணிய ஆய்வு 1976ல் வந்தது. ஹெர்மன் விட்கின் தலைமையில், டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பிறந்த உயரமான ஆண்கள் 4,139 பேரைச் சோதித்தனர். 12 பேருக்கு இரண்டு ஒய் இருந்தது. அவர்களுள் 5 பேர் ஏதோ ஒரு குற்றத்திற்குத் தண்டனை பெற்றிருந்தனர். இது மற்றவர்களின் விகிதத்தைவிட அதிகமே. ஆனால் அவை பெரும்பாலும் கடுமையில்லாத குற்றங்கள். கூடுதல் ஒய் உள்ளவர்கள் வன்முறையாளர்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. படிப்பில் பின்தங்கியமை போன்றவையே அவ்வேறுபாட்டுக்குப் பெரிதும் காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். 12ல் 7 பேர் எந்தத் தண்டனையும் பெறாதவர்கள் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

இதற்கிடையே அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில், பிறக்கும் ஆண் குழந்தைகளைச் சோதித்து, கூடுதல் ஒய் உள்ளவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் திட்டம் 1968ல் தொடங்கியது. உன் மகனுக்கு இப்படியொரு குறி இருக்கிறது என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டால், அக்குழந்தை அடம்பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அவர்கள் அவனை எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்ற வினாவை அறிஞர் சிலர் எழுப்பினர். கடும் எதிர்ப்புக்கிடையே 1975ல் அச்சோதனை நிறுத்தப்பட்டது.

டென்மார்க் ஆய்வு வெளிவந்தது படம் வந்து ஐந்தாண்டுகள் கழித்து. ஆகவே அறிவியல் தவறுக்காக அர்ஜென்டோவைக் குறை கூறுதல் நியாயமன்று. அன்று நாளேடுகளில் இருந்ததை அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் கதாசிரியர் என்ற முறையில் அவரைக் குறை கூறலாம். ஏனெனில் அவர் கையில் மிக நல்ல கதை ஒன்று இருந்தது. அதை அவர் நழுவவிட்டார்.

படத்துக்குள் இருந்த மற்றொரு படம்

காசோனி ஏன் கொன்றார்? மறுபடியும் எண்ணிப் பாருங்கள். அவர் ஒரு விஞ்ஞானி. தாம் பணிபுரியும் ஆய்வகத்திலேயே, குற்றவாளிகளை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கையோடு குரோமோசோம்களை ஆராய்கிறார்கள். ஒரு நாள் அந்த அளவுகோல் அவர்மீதே திரும்புகிறது. அதுவரை அவர் யாரையும் கொன்றவரல்லர். பதிவு வெளிவந்தால் சக அறிஞர்கள் தம்மை அறிஞராகப் பார்க்கமாட்டார்கள், ஆய்வுப் பொருளாகவே பார்ப்பார்கள் என்று அஞ்சுகிறார். அவ்வச்சத்தில் பதிவைத் திருடுகிறார். திருட்டை மறைக்கக் கொல்கிறார். முதற் கொலையை மறைக்க மற்றவை.

அப்படியானால் கொலைக்குத் தூண்டியது ஒய் குரோமோசோமா, அல்லது ஒய் குரோமோசோம் உள்ளவன் கொலைகாரன் என்ற கருத்தா? அந்த ஆய்வகமே தன் கொலையாளியை உருவாக்கியிருக்கிறது! இதனை முதலிலேயே கோடிட்டுக் காட்டி, காசோனியை நமக்கு நெருக்கமான மனிதராக்கி, அவர் படும் பாட்டைச் சிறிது சிறிதாகக் கசியவிட்டிருந்தால், விடை நம் கண்முன்னேயே இருந்திருக்கும். ஒப்பந்தமும் காக்கப்பட்டிருக்கும். கூரைமேல் கடைசி நிமிடங்களில் அவசரமாகச் சொல்லி முடித்ததால், குறி பட்ட ஒரு மனிதனின் துயரம், பிறவிக் கொலைகாரனின் ஒப்புதல் வாக்குமூலமாகச் சுருங்கிவிட்டது.

படத்தில் இல்லாத இன்னொரு தொடர்பையும் சொல்ல வேண்டும். இப்படத்தின் பல காட்சிகள் டூரின் நகரில் எடுக்கப்பட்டவை. பிறவிக் குற்றவாளி என்ற கொள்கையை உலகுக்குத் தந்த சேசரே லொம்ப்ரோசோ பேராசிரியராக இருந்ததும் டூரினில்தான். 1876ல் அவர் 'குற்றவாளி மனிதன்' என்ற நூலை வெளியிட்டார். மண்டையோட்டையும் தாடையையும் காதையும் அளந்து குற்றவாளியை அடையாளம் காணலாம் என்றார். 1909ல் அவர் டூரினிலேயே இறந்தார். அவர் சேர்த்த மண்டையோடுகளும் பிறவும் அந்நகரில் அருங்காட்சியகமாக உள்ளன. 2009 முதல் பொதுமக்களும் காணலாம். மண்டையோட்டின் இடத்தில் குரோமோசோம் வந்ததே தவிர, வினா மாறவில்லை. இது படம் சொல்வதன்று, எனக்குத் தோன்றியது.

திண்ணையில் கேட்டது

இனிச் சொல்வது என் குடும்பச் செய்தி. எழுதலாமா என்று தயங்கினேன். எழுதும்படி பேராசிரியர் ஊக்கினார்.

எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே உள்ளது. விடுமுறைக்குச் சென்றபோது அப்பத்தாவிடம் இப்படத்தின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது என்னய்யா, ரத்தத்தப் பாத்துக் களவாணின்னு எழுதி வைக்கிறது? எங்க மாமனாரக் கைரேகையப் பாத்துல்ல எழுதி வச்சாக" என்றார்.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871ல் ஆங்கில அரசால் இயற்றப்பட்டது. 1911ல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. குற்றம் செய்தவரை அன்று, குறிப்பிட்ட சாதியில் பிறந்தவரையே பதிவு செய்து, கைரேகை எடுத்து, கண்காணித்த சட்டம் அது. எங்கள் பக்கத்தில் கைரேகைச் சட்டம் என்பார்கள். என் பூட்டனார் பெயர் அப்பதிவேட்டில் இருந்தது. அவர் இரவானால் காவல் நிலையத்துக்குச் சென்று, விடியும் வரை அங்கே படுத்திருக்க வேண்டும்.

"ஒங்க தாத்தா பொறந்த ராத்திரியும் அவுக அங்கனதான் படுத்துக் கெடந்தாகளாம். விடிஞ்சு வந்துதான் பிள்ள மொகத்தப் பாத்தாக. அதச் சொல்லும்போது மட்டும் அவுகளுக்குக் குரலு கம்மிப்போகும்" என்றார் அப்பத்தா.

நான் கேட்டேன்: "அவரு ஏதாச்சும் களவு செஞ்சிருக்காரா அப்பத்தா?"

"கெணறு வெட்டுன மனுசன்யா அவுக. ஊருக்குள்ள அவுக வெட்டுன கெணறு மூணு கெடக்கு, போயி எண்ணிப் பாரு" என்றார்.

சென்னை மாகாணத்தில் 1947ல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1952ல் நாடு முழுவதிலும் நீங்கியது. பதிவேடு போயிற்று, பார்வை உடனே போய்விடவில்லை என்பதை எங்கள் ஊரார் அறிவார்கள்.

காசோனியையும் என் பூட்டனாரையும் ஒப்பிடலாமா என்று பலமுறை யோசித்தேன். இருவருக்கும் குறி இடப்பட்டது. ஒருவர் அதை மறைக்கக் கொலை செய்தார். மற்றவர் விடிந்ததும் வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கினார். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். ஆகவே குறி இடுவதால்தான் மனிதன் குற்றவாளியாகிறான் என்று சொல்வதும் முழு உண்மையன்று. அப்படிச் சொன்னால் ஒரு குரோமோசோமின் இடத்தில் இன்னொன்றை வைத்தவர்கள் ஆவோம். மனிதனுக்கு எந்த நிலையிலும் தேர்ந்துகொள்ளும் இடம் சிறிதேனும் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தைக் குறுக்குவது குறி இடுவோரின் செயல். அப்பழி அவர்களையே சாரும். நல்ல துப்பறியும் கதை இந்த இரண்டையும் காட்ட வல்லது. 'ஒன்பது வால் பூனை' இரண்டையும் தொட்டுவிட்டுக் காட்டாமல் போனது. என் ஏமாற்றத்தின் அடி இதுவே.

முடிவுரை

ஏமாற்றிய படங்களால் பயனில்லை என்பதை இனி நான் ஒப்பமாட்டேன். நல்ல படமாக இருந்திருந்தால் கைதட்டிவிட்டு வீடு திரும்பியிருப்பேன். நூலகத்துக்குச் சென்றிருக்கமாட்டேன், அப்பத்தாவிடமும் கேட்டிருக்கமாட்டேன். படத்தில் ஆர்னோ கேட்ட வினாவை நாமும் எந்தத் தகவலைப் பற்றியும் கேட்கலாம்: இது முழுப் படமா, ஓரம் வெட்டப்பட்டதா? கார்ஸ்டேர்ஸ் கணக்கில் ஓரம் வெட்டப்பட்டிருந்தது. எங்கள் குறிப்பேட்டிலும் வெட்டப்பட்டிருந்தது.

அந்தக் குறிப்பேட்டை இவ்வாண்டு இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும் முன், 'குற்ற மனப்பான்மை உடையவர்' என்ற சொற்களை அடித்துவிட்டு, பக்க ஓரத்தில் இவ்வாறு எழுதினேன்: 'ஆயிரத்தில் ஒருவர். பெரும்பாலோர் தம் நிலையை அறியாமலே இயல்பாக வாழ்கின்றனர். வன்முறைக்குச் சான்று இல்லை. 1976ஆம் ஆண்டு டென்மார்க் ஆய்வு காண்க.'

இரண்டு மதிப்பெண்ணுக்கு இது சற்று நீளமான விடைதான். திருத்தும் ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.